உன் கோட்டு தண்ணி குடிக்குது

முதலில் கண்டுபிடித்தவன் ஐலிவ். வயது நான்கு.
மணற்குழியில் வாளியைக் கவிழ்த்துவிட்டு
அண்ணாந்து பார்த்துச் சொன்னான்:
"சோல்ஃப்ரிட், உன் கோட்டு தண்ணி குடிக்குது."

இரண்டு தோளிலும் கருத்த திட்டு.
முழங்கை மடிப்பில் இன்னொன்று.
கிழிசல் இல்லை, தையல் விடவில்லை,
சரியாகச் சொன்னால் மழை உள்ளே வரவும் இல்லை.
மேல்துணி மட்டும் ஊறிக் கனத்துவிட்டது.
என் வியர்வை வெளியே போக வழியில்லாமல்
திரும்பி வந்து
என்மேலேயே உட்கார்ந்திருந்தது.

பெர்கனில் மழைக்கு விடுமுறை விடுவதில்லை.
பத்தொன்பது பிள்ளைகள்,
ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை வெளியேதான்.
தூறல், சாரல்,
கடலிலிருந்து படுத்தபடியே வருகிற ஒரு மழை.
அவர்கள் ரப்பர் உடுப்பில் வாத்துகள்.
நான் ஆறாயிரம் குரோனர் கொடுத்து வாங்கிய
ஸ்பாஞ்சுக்குள்.

கடைக்காரப் பெண் விரலால் தேய்த்துப் பார்த்தாள்.
"கடைசியா எப்ப துவைச்சீங்க?"
துவைத்தால் பாழாகிவிடும் என்று
மூன்று வருடமாகத் துவைக்கவே இல்லை
என்று பெருமையாகச் சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம்.
"அழுக்கும் எண்ணெயும் ஏறுன இடத்துலதான்
தண்ணி பிடிக்கும்."

வீட்டில் மேசைமேல் விரித்துப் போட்டேன்.
விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்
எல்லாம் தெரிந்தது:
இடது தோளில் தூங்கிப்போன கன்னங்கள்,
வயிற்றுப் பக்கம் சளி, மீன் எண்ணெய், வெயில் களிம்பு,
விழுந்து எழுந்து ஓடிவந்து
முகம் புதைத்த உயரம் வரைக்கும்
ஒரு மங்கிய கோடு.
நனைந்தது முழுக்க அங்கேதான்.

சனிக்கிழமை, நான்கிலிருந்து ஆறு,
பொதுச் சலவையறைப் பட்டியலில் என் பெயர்.
சோப்புத் தட்டை இழுத்தால் லாவெண்டர்,
யாரோ விட்டுப்போன நீல வழவழப்பு.
துணியை மென்மையாக்குகிற அந்தத் திரவம்
துளி பட்டால்கூட என் வேலை கெட்டுவிடும்.
பழைய பல்துலக்கியால் மூலை மூலையாய்ச் சுரண்டினேன்,
வெறும் இயந்திரத்தை ஒருமுறை ஓடவிட்டேன்,
ஜிப்புகளை மேலே வரை ஏற்றினேன்.
முப்பது டிகிரி. முதலில் சோப்பு.
அலசல், மறுபடி அலசல்.
பிறகு அந்தப் பால்நிற மருந்து.

கடைசியில் சூடு. அது இல்லாமல்
மருந்து துணியில் இருந்தும் இல்லாத மாதிரிதான்.
உலர்த்தும் உருளையின் கண்ணாடிக்குள்
என் கோட்டு கைகளை வீசி வீசி
யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

ஆறு மணிக்கு தூரால்ஃப் வந்தார்,
மூன்றாம் மாடி, கையில் போர்வை மூட்டை, காபிக் கோப்பை.
"என் நேரம்."
"இன்னும் பத்து நிமிஷம், சூட்டுல வச்சாத்தான் பிடிக்கும்."
"கோட்டுக்கு என்ன, குளிர்ஜுரமா?"
மூட்டையின்மேல் உட்கார்ந்தார்.
லாவெண்டர் மணம் என் பக்கமாக நகர்ந்தது.
நான் எதுவும் சொல்லவில்லை.
அவரும் பல்துலக்கியைப் பார்த்தார், சொல்லவில்லை.

வெளியே எடுத்ததும்
என்னைக் கேட்காமலே
கோப்பையை அதன் கைமேல் சாய்த்தார்.
காபி ஒரு கணம் திகைத்தது,
பிறகு மணிகளாகச் சிதறி
விளிம்பு வரை உருண்டு
அவர் செருப்பில் விழுந்தது.
"ம்," என்றார். நார்வேக்காரர் ஒருவரின்
கைதட்டல் அது.

திங்கட்கிழமை வேலியோரத்தில்
மரியாளின் மேலங்கி என்று நாங்கள் சொல்கிற செடி
வட்ட இலை ஒவ்வொன்றிலும்
ஒரு துளியை ஒட்டாமல் ஏந்திக்கொண்டிருந்தது.
ஐலிவ் இலையைப் பார்த்தான், என் தோளைப் பார்த்தான்,
விரலால் ஒரு துளியைத் தள்ளிவிட்டான்.
இன்னொன்று. இன்னொன்று.
"குடிக்க மாட்டேங்குது," என்றான்,
கொஞ்சம் ஏமாற்றமாக.

பிறகு ஊஞ்சல் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டு
அழுதபடி ஓடிவந்தான்.
மூக்கு ஒழுக,
நேராக, அதே உயரத்தில்.
நான் குனிந்து
ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றி
இடம் கொடுத்தேன்.