நாயைப் பிடியுங்கள்

மங்கோலியப் புல்வெளியில்
ஒரு கூடாரத்தை நெருங்குகிறவர்
முதலில் சொல்லவேண்டியது சமாதானம் அல்ல.
"நாயைப் பிடியுங்கள்!"
தூரத்திலிருந்தே, குரலை உயர்த்தி.
இரண்டு மாதம் படித்த மொழியில்
எனக்குப் பிழையின்றி வந்த ஒரே வாக்கியம்.

ஆற்றுப் பனிக்கட்டி உடைந்து
வேன் பின்சக்கரம் வரை இறங்கியிருந்தது.
டீசல் களியாகிவிட்டது.
ப்ரொஜெக்டர், ஜெனரேட்டர், நாற்பது கிலோ துண்டுப்பிரசுரம்,
மொழிபெயர்க்க நியாம்கா, பிரசங்கிக்க நான்.
நாயைப் பிடித்தவள் பெயர் ஹோர்லோ.
யார், எதற்கு என்று கேட்கவில்லை.
நான் கையுறையைக் கழற்றும் முன்பே
உப்புப் போட்ட பால்டீயை நீட்டினாள்.

மூன்று நாள் வேனுக்காக ஜெபித்தேன்.
கர்த்தருக்கு வழியெல்லாம் எடுத்துச் சொன்னேன்:
ஒரு டிராக்டர், இல்லாவிட்டால் ஒரு லாரி,
அதுவும் இல்லாவிட்டால் கொஞ்சம் வெயில்.
வெளியே காற்று
கூடாரத்துக் கம்பளத்தை இழுத்து இழுத்துப் பார்த்தது.
விடியும்தோறும் அவள் கணவர் தாம்தின்
விறைத்துப்போன ஆடுகளைக் கால் பிடித்து இழுத்துவந்து
விறகுபோல அடுக்கினார்.

நான்காம் இரவு
சும்மா சாப்பிட்டுக்கொண்டிருக்கக் கூச்சமாகிவிட்டது.
சாண அடுப்பருகே அந்த உவமையைச் சொன்னேன்.
நூறு ஆடு.
தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு
தொலைந்த ஒன்றைத் தேடிப் போனவர்.
செம்மறியை எனக்குத் தெரியும்,
ஞாயிறுபள்ளியில் பஞ்சு ஒட்டிய அட்டையிலும்
கறித்தட்டிலும்.
தாம்தின் கேட்டார், கேலியில்லாமல்,
கால்நடை வைத்தியரிடம் கேட்பதுபோல:
"எந்த மாதம் அது?
தொண்ணூற்றொன்பதோடு யார் இருந்தது?"
நியாம்கா என்னைப் பார்த்தாள்.
மொழிபெயர்க்க நான் எதையும் தரவில்லை.

அன்றிரவே ஒன்று குறைந்தது.
எண்ணியவள் ஹோர்லோ. இரண்டு தரம்.
தாம்தின் சேணம் பூட்டிப் போனார்.
தொண்ணூற்றொன்பதோடு இருந்தது யார் என்று
டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்தேன்.

ஈன்ற ஆடு ஒன்று
தன் குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டிருந்தது.
அவள் முழங்காலிட்டு
குட்டியின் முதுகில் உப்பைத் தடவி
மெல்லத் தொடங்கினாள்:
தொய்க், தொய்க், தொய்க்.
அர்த்தம் என்ன என்றேன்.
அர்த்தம் கிடையாதாம்.
செம்மறிக்கு இது, வெள்ளாட்டுக்கு வேறு,
ஒட்டகத்துக்கு வேறு.
ஆடு முட்டியது. தொய்க்.
உதைத்தது. தொய்க்.
ஒரு மணி நேரம், இரண்டு.
குரலில் கோபம் ஏறவில்லை, கெஞ்சலும் இல்லை.
என் விரல்கள் செத்துப்போயின.
மூன்று நாள் ஜெபத்தில்தான்
எத்தனை வார்த்தை, எத்தனை யோசனை!
நானும் சொல்லிப் பார்த்தேன், உச்சரிப்பு தப்பாக.
அவள் சிரித்தாள். திருத்தவில்லை.

நடுச்சாமத்துக்குப் பிறகு
யார் யாரை ஏற்க அந்தச் சத்தம் என்பது
எனக்குக் குழம்பிவிட்டது.
முட்டித் தள்ளிக்கொண்டிருந்தது
நானாகவும் இருக்கலாம்.

விடியும்போது தாம்தின் திரும்பினார்.
சேணத்தின் குறுக்கே ஒன்று கிடந்தது.
உயிர் இல்லை.
அதையும் அடுக்கினார்.
அவர் கன்னத்தில் பனி கடித்த கருப்பு.
அயலாரைக் கூப்பிட்டு
யாரும் சந்தோஷப்படவில்லை.
ஹோர்லோ டீ ஊற்றினாள்.
தொழுவத்தில் அந்தக் குட்டி
வாலை ஆட்டி ஆட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள்
நிலக்கரி ஏற்றிவந்த லாரி ஒன்று
வேனை இழுத்துவிட்டது.

தலைமையகத்துப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
சந்திக்கப்பட்ட ஆத்துமாக்கள்.
இரண்டு என்று எழுதி, அடித்து,
மூன்று என்று எழுதினேன்.
மூன்றாவது யார் என்று கேட்டுக் கடிதம் வந்தது.
இன்னும் பதில் போடவில்லை.

இப்போதும் ஜெபிக்க உட்கார்ந்தால்
முதலில் வாயில் வருவது அதுதான்:
நாயைப் பிடியுங்கள்.
உள்ளே குரைப்பது அடங்கக்
கொஞ்ச நேரம் ஆகிறது.