நாற்பதரை அடி

பங்குனி பிறந்து நாலாம் நாள்.
மதகுச் சுவரின் அடியில் எழுதிய எண்கள்
சேறு வழித்துவிட்டால் நேற்று எழுதியவை போலிருக்கின்றன.
மேலே உள்ளவைதான் வெயில் தின்று வெளிறிப்போயின.
நாற்பத்தொன்று என்கிறார் எடை போடும் சென்னியப்பன்.
நாற்பதரைதான்.
அவர் செருப்பு நனையாத தூரத்திலிருந்து பார்க்கிறவர்.

ஒன்பது மணி வரைக்கும் காற்றில்லை.
அப்புறம் மாயாற்றுப் பக்கமிருந்து கிளம்பி வந்து
பரிசலைத் தட்டாமாலை சுற்றவைக்கும்.
தண்ணீர் பச்சை. கைவிட்டால்
மேலே ஒரு சாண் சூடு.
அதற்குக் கீழே
ஆள் படுத்தெழுந்த பாயின் வெதுவெதுப்பு.

விடியுமுன்னே கட்லா மேலே வந்து
வாயைத் திறந்து திறந்து காற்றைக் குடிக்கிறது.
அப்போது போட்டால் வலை நிறையும்.
"மூச்சு முட்டறதுகிட்ட என்ன புள்ள வீரம்"
என்பாள் நங்கையா.
என்றாலும் போட்டோம், போன வாரம். பதினாலு கிலோ.
அன்றைக்கு எல்லாப் பரிசலிலும் அதே பதினாலு, பதினைந்து.
எல்லாருக்கும் கிடைக்கிற மீனுக்கு
ஏது மரியாதை.

கரை இறங்கிப்போன சேற்றில்
ஜிலேபி தோண்டிய குழிகள் வட்ட வட்டமாய்,
மாவு வழித்துவிட்டுக் கழுவாமல் போட்ட சட்டிகள்.
தண்ணீர் சொல்லிக்கொண்டு போகவில்லை.
முட்டையை வாயில் அள்ளிக்கொண்டு
தாய் நகர்ந்திருக்கும், அல்லது
கூழைக்கடாவுக்குத் தெரியும்.
அதற்கும் அப்பால் யாரோ தட்டைப்பயறு விதைத்திருக்கிறார்கள்,
அணை இனி நிறையவே நிறையாது என்கிற மாதிரி.

பழைய ஆற்றுப்பள்ளத்தில்தான் இப்போது மீன் மிச்சூடும்.
அங்கே போகிற வழியில் வலை மாட்டியது.
கல் அடுக்கிய ஏதோ ஓர் இட்டேரி,
யார் காட்டுக்கு யார் போட்டதோ.
இழுத்தேன். அறுந்துவிடும் போலிருந்தது.
கண்ணி கிழிந்தால் கடனில் இன்னொரு கடன்.
நங்கையா துடுப்பைச் செங்குத்தாய் விட்டுப் பார்த்தாள்.
டொக்கென்றது.
மறுபடி விட்டாள். டொக்.
சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு
இறங்கிவிட்டாள்.

நான் போட்ட கத்தலில் நீர்க்காகங்கள் கிளம்பின.

அணைக்கு நடுவில் நிற்கிறாள் பாவாயி.
தண்ணீர் நெஞ்சுக்குக் கீழே.
போன ஐப்பசியில் இதே இடத்தில்
முப்பது முழம் கயிறு விட்டும் குண்டு தரை தட்டவில்லை.
குனிந்து கல்லைப் புரட்டி வலையை விடுவித்தவள்
உடனே ஏறவில்லை.
இந்தப் பக்கம் நாலடி நடந்தாள்,
அந்தப் பக்கம் நாலடி,
வாங்கப்போகிற காட்டை அளக்கிறவள் மாதிரி.

"எனக்கு நீச்சல் தெரியாது புள்ள."

பதினோரு வருசமாவா, என்றேன்.

"பொறந்ததுலருந்து."

சிரித்தாள். எனக்கு வரவில்லை.
ஆடிக் காற்றில் பரிசல் பாதி சாய்ந்த அன்றும்,
யானை இறங்கிய இருட்டில்
கரைக்கு ஒதுங்காமல் நடு நீரிலே கிடந்த ராத்திரியும்
இவள்தான் என்னைப் பார்த்து
"பயப்படாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தவள்.

ரோகு நாலு, கட்லா ஒன்று, மீதி ஜிலேபி.
சென்னியப்பன் எழுதினார், கையெழுத்து வாங்கினார்,
தண்ணி இன்னும் இறங்கும் என்றார்.
இறங்கட்டும் என்றேன். விநோதமாய்ப் பார்த்தார்.

சத்தியமங்கலம் பஞ்சர் கடையில்
பழைய லாரி டியூப் ஒன்று,
மூன்று ஒட்டுப் போட்டது.
இரண்டு கிலோ ஜிலேபியின் காசு.
காற்றடித்துப் பரிசலில் போட்டுவைத்தேன்.

"எதுக்கு இது?"

வலை மேல வெக்க, என்றேன்.
ஈரம் படாது.

அவள் அதைக் காலால் ஒரு தள்ளு தள்ளி
தான் உட்காரும் பக்கத்துக்கு நகர்த்திக்கொண்டாள்.
மேற்கே
ஒரு கைப்பிடி மேகம்.