அடியில் எழுதியது

சிப்காட் கேட்டுக்கு எதிரே தகரக் கொட்டகை.
பலகை கிடையாது.
நீல டிரம் அடுக்கியிருந்தால் அதுதான் என் கடை.

தோல் ஷாப்பில் எதை ஊற்றிக் காலி செய்கிறார்களோ,
எனக்குக் கணக்கில்லை.
காலியாய் வரும், நாற்றத்தோடு வரும்.
அந்த நாற்றத்தால் நூற்றைம்பதுக்கு மேல்
யாரும் கேட்டதில்லை.
சிமெண்டு கலக்க, குப்பை போட.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
கூரை ஓட்டையில் மழை இறங்கி
பரணில் இருந்த சுண்ணாம்பு மூட்டை பிய்ந்து
வாய் திறந்த டிரம் ஒன்றில் விழுந்தது.
பக்கத்திலேயே தவிட்டு மூட்டை, அதுவும் விழுந்தது.
ரெண்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன்.
திட்டிக்கொண்டே கவிழ்த்துக் கழுவி
தலையை உள்ளே விட்டு முகர்ந்தால்
ஒன்றுமில்லை.
ஈரச் சிலேட்டு மாதிரி ஒரு வாசனை, அவ்வளவுதான்.

கண்டுபிடித்தவன் துள்ளிக் குதிப்பான் என்பார்கள்.
நான் விலை போட்டேன். அறுநூறு.

பாலாறு மணலாய்க் கிடந்த வருஷம் அது.
அம்மூர், லாலாப்பேட்டை, வாலாஜா,
டிவிஎஸ் வண்டியில் ஆளுக்கு ரெண்டு கட்டிப் போனார்கள்.
மண்டையோடு போட்ட ஸ்டிக்கரை
பிளேடால் சுரண்டுவது மச்சான் நாகபூஷணத்தின் வேலை.

ஜீவரத்தினம் மட்டும் கேட்டாள்:
"இதுல இன்னாண்ணா இருந்துச்சு?"
"ஜூஸ்."
"இன்னா ஜூஸு?"
ஆரஞ்சு என்றது வாய்.
அடியில் காய்ந்திருந்த பொருக்கு
பச்சை.

நியாயம் பேச எனக்கும் தெரியும்.
வெள்ளம் வந்த கார்த்திகையில்
நாலு டிரம், மூங்கில், நைலான் கயிறு,
தெப்பம் கட்டி
ஒரு நிறைமாசக்காரியை அக்கரை சேர்த்தோம்.
டிரம் செய்தவன் அதற்கா செய்தான்?
எந்தப் பொருளும்
ஒரே வேலைக்கென்று பிறப்பதில்லை.
சரி.
ஆனால் தெப்பத்தை யாரும் குடிக்கவில்லை.

போன வாரம் ஜீவரத்தினம் திரும்ப வந்தாள்.
வண்டியை நிறுத்துவதற்குள்
எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.
"நல்ல டிரம்முண்ணா. ஆறு மாசமாச்சி,
பாசியே புடிக்கல.
தங்கச்சிக்கும் ஒண்ணு குடு."

பாசியே பிடிக்காத தண்ணீர்.

இரும்மா என்று உள்ளே போய்
கறுப்புப் பெயிண்டில் எழுதினேன்:
குடிக்க ஆகாது.
பக்கவாட்டில் எழுதத்தான் பிரஷை எடுத்தேன்.
கை டிரம்மைக் கவிழ்த்து
அடியில் எழுதியது.
நிறைந்த டிரம்மை யார் புரட்டிப் படிக்கப் போகிறார்கள்?

பெயிண்ட் காய அரைமணி ஆகும்.
டீ சொன்னேன், அவளுக்கு மட்டும்.
டீக்கடை மூலையில்
நீலமாய் நிற்பது எதுவென்று
எனக்குத் தெரியும்.