நேரடிக் காட்சி: இல்லை

பத்திரம் எழுதுகிறவன் நான்.
களக்காடு சார்பதிவாளர் ஆபீஸ் எதிரே,
சர்பத் கடைக்கும் ஜெராக்ஸுக்கும் நடுவில்
என் நாற்காலி.
இருபத்தோரு வருஷமாக
மண்ணை நான்குமாலுக்குள் அடக்குவதே பிழைப்பு:
ஓடைக்கு வடக்கு,
பொதுப்பாதைக்குத் தெற்கு,
பரமசிவம் வகையறா புஞ்சைக்கு மேற்கு,
ரிசர்வ் காட்டுக்குக் கிழக்கு.

கடைசி வரியை எத்தனை நூறு தடவை எழுதியிருப்பேன்.
ஒரு தடவைகூட
அந்தப் பக்கம் போனதில்லை.

புலிக் கணக்கெடுக்க ஆள் வேணும் என்றார்கள்.
கணக்கென்றால் எழுதவும் ஆள் வேணுமே,
பேர் கொடுத்துவிட்டேன்.

வாழைத்தோப்பு முடிகிற இடத்தில் செக்போஸ்ட்.
தீப்பெட்டி இருக்கிறதா என்று
சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தார்கள்.
முதலில் உடைமரமும் காய்ந்த புல்லும்,
நம்ம ஊர்தான்.
ஏழாவது வளைவில் வெயில் இறங்கிக்கொண்டது.
மேலே எங்களோடு வரவில்லை.

செங்கல்தேரியில் மூன்று பேர்.
பாளையங்கோட்டைக் கல்லூரியிலிருந்து வந்த ஆசீர்,
அவன் குறட்டைக்கு முதல் ராத்திரியே
ஒரு மிளா கூப்பிட்டது.
வாட்சர் முப்புடாதி, வயசு இருபத்தாறு,
டவர் கிடைக்கிற பாறையொன்று தெரியும் அவனுக்கு,
சாயங்காலமானால் அதன்மேல் ஏறி
கல்யாணம் நிச்சயமான பெண்ணோடு சண்டை போடுவான்.
அப்புறம் நான்.

படிவம் முழுக்கக் கட்டங்கள்.
கால்தடம். எச்சம். மரக்கீறல். நேரடிக் காட்சி.
இரண்டு கிலோமீட்டர் பேசாமல் நடக்க வேண்டும்.
எனக்கு அதுதான்
அட்டைக்கடியைவிடப் பெரிய பாடு.

மிளா ஏழு.
சோலைமந்திக் கூட்டம்
வெடிப்பலாவைப் பிய்த்து எங்கள் தலையில் போட்டது,
அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.
இருவாச்சி கடந்தபோது
பழைய டவுன் பஸ் மேடேறுகிற இரைச்சல்;
ஆசீர் குனிந்தேவிட்டான்.
ஆவி பறக்கக் காட்டெருமைச் சாணி,
வண்டு ஒன்று முன்பே வந்து
வேலையை ஆரம்பித்திருந்தது.

நாலாம் நாள் ஓடைக்கு அந்தப் பக்கம்
முப்புடாதி கையைத் தூக்கினான். நின்றோம்.
என் தலைக்கு ஒரு முழம் மேலே
மரப்பட்டையில் நாலு கோடு.
பால் இன்னும் வடிந்துகொண்டிருந்தது.
புதரிலிருந்து ஒரு வாடை,
அப்போதுதான் சோறு வடித்த வீடு மாதிரி.
எனக்குப் பசித்தது.
வெட்கமாகவும் இருந்தது.

"இதுவரைக்கும் தன்னுதுங்குது அண்ணாச்சி"
என்றான் காதுக்குள்.

முத்திரைத்தாள் இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை,
மூலப்பத்திரம் எங்கே என்று கேட்க
ஒருத்தனும் இல்லை.
எல்லை எந்தப் பக்கம் என்று
பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்த்தேன்.
நாங்கள் நின்றது உள்ளே.

மரக்கீறல்: ஆம்.
உயரம்: முப்புடாதி கைக்கு எட்டவில்லை.
நேரடிக் காட்சி: இல்லை.
அந்த 'இல்லை' மட்டும்
என் கையெழுத்து மாதிரியே இல்லை.

ஊருக்கு வந்தால் சர்பத் கடைக்காரர்:
"புலி பாத்தியளா?"
"இல்ல."
"பெறவு என்னத்துக்கு ஆறு நாளு?"
நன்னாரி கொஞ்சம் தூக்கலாகப் போடச் சொன்னேன்.

திங்கட்கிழமை ஒரு பார்ட்டி.
மலையடிவாரத்தில் பதினெட்டு சென்ட்,
மகள் பேருக்கு.
வடக்கு சொன்னார், தெற்கு சொன்னார்.
"மேக்க என்ன இருக்கு?"
"காடுதான். ஆரும் கிடையாது."

பேனா அங்கேயே நின்றது.
மணிக்கட்டில் அட்டை கடித்த இடம் அரித்தது,
சொறிந்தேன்,
ஒரு பொட்டு ரத்தம் தாளில் விழுந்து
'கிழக்கு' என்ற சொல்லில் ஊறியது.

அவர் முகம் சுளித்தார்.
"மகளுக்கு எழுதுகது. வேற தாள் போடுங்க."
போட்டேன்.
அந்தத் தாள் என் செலவு.