இரண்டு கிராம், முப்பது கிராம்

கொக்குத்தொடுவாய்க் காட்டு விளிம்பில்
எங்கள் நிலம் ஒரு மீற்றர் அகலம்.
மிச்சமெல்லாம் செந்தலைக் கட்டைகளுக்கு அப்பால்.

அங்கே போய்வருபவை இரண்டு.

பீயுருட்டி வண்டு,
ராத்திரி யானை போட்டதைக் கிள்ளி உருண்டையாக்கி
தலைகீழாய் நின்று
பின்னங்காலால் தள்ளிக்கொண்டு வருகிறது.
போகுமிடத்தைப் பார்ப்பதில்லை.
இடையில் உருண்டைமேல் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி
வெயிலிடம் வழி கேட்டுவிட்டு
இறங்குகிறது.

சோலைபாடி,
பாலைமரத்தில் இருக்கும், ஆளைக் காட்டாது.
காட்டினால் நீள வால், துருப்பிடித்த வயிறு.
கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்லும்:
அணில், மாங்குயில்,
போன மாதத்திலிருந்து எங்கள் கருவி.

கருவியின் கீச்சை முதல்தரம் அது பாடியபோது
ஒன்பது பேரும் முழந்தாளில் உறைந்தோம்.
கவசக் கண்ணாடிக்குள் புகார் படியச் சிரித்து
"உது குருவியடி" என்றாள் வசீகலா.
நிருத்தன் அண்ணை சிரிக்கவில்லை;
நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

பிறகு, பத்து நிமிச ஓய்வுகளில் பந்தயம்:
எது கெட்டிக்காரச் சீவன்?
அவள் குருவி. நான் வண்டு.
"உன்ரை ஆள் பீ தின்னுது."
"உன்ரை ஆளுக்குச் சொந்தச் சொல் இருக்கோ?"
நிறுக்கத் தராசில்லை, மதிப்புத்தான்:
வண்டு இரண்டு கிராம், குருவி முப்பது.
மிதிவெடிக்கு இரண்டும் காணாது.
நான் நாற்பத்தேழு கிலோ,
கவசத்தை விட்டு.

செவ்வாய்க்கிழமை கீச் என்றது.
குருவி என்று நினைத்தேன், அரைக் கணம்.
பிறகுதான் கண்டேன் புதுமண்,
குறுணி குறுணியாய், ஈரத்தோடு,
ஒரு விரல் போகும் வாய்.
பக்கத்திலிருந்து சுரண்டிக்கொண்டு போனேன்.
பச்சைப் பிளாஸ்ரிக் விளிம்பு.
அதன் அடியில் அறை கட்டி
உருண்டையோடு அவள். முட்டையிட வந்தவள்.

நிருத்தன் அண்ணை படிவம் நிரப்பினார்:
வகை, ஆழம், மண்ணின் நிலை.
"கீழை வண்டிருக்கு அண்ணை."
பேனையைத் தூக்கிக் கொஞ்சம் பார்த்தார்.
அதற்குக் கட்டம் இல்லை.

தொட ஏலாது; சட்டம் அப்படி.
மூன்று மணிக்கு இருந்த இடத்திலேயே வெடிக்க வைத்தோம்.

பாலைமரம் பேசவில்லை.
மூன்று இருபதுக்குத் தொடங்கியது:
அணில். மாங்குயில். கீச்.
திரும்பவும் அணில்.
வெடியை அது எடுத்துக்கொள்ளவில்லை.

காலையில் புது லத்தி, ஆவி பறக்க.
கட்டைகளுக்கு இடையால்
தலைகீழாய் ஒன்று வந்துகொண்டிருந்தது,
வேறொன்று.

பந்தயக் காசு இருநூறு ரூபா
தண்ணீர்க் கானுக்கு அடியில் கிடக்கிறது.
வசீகலா கேட்கவில்லை.
நானும் எடுக்கவில்லை.