ஐந்நூற்றைம்பது

வீட்டில் அருணகிரி,
அடையாள அட்டையில் சோ வின்.
தன்லினிலிருந்து பாலம் கடந்து வந்திருந்தான்,
கிராபிக்ஸ் கார்டுப் பெட்டியைக்
காய்ச்சல் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு.

"எண்ணூற்றைம்பது வாட் போடுங்க அக்கா.
கொறச்சலாப் போட்டா கார்டு பட்டினி கெடக்கும்."

முப்பத்திரண்டாம் தெரு, ரங்கூன்.
கரண்ட் போய் மூன்று மணி நேரம்.
பழைய பில்லின் முதுகில் எழுதினேன்:
பிராசசர், பெட்டியில் அறுபத்தைந்து,
மூச்சிரைத்தால் தொண்ணூறு.
கார்டு நூற்றெழுபது.
போர்டு, ராம், டிஸ்க் இரண்டு, விசிறி மூன்று,
தாராளமாக எழுபது.
ஆக முந்நூற்று முப்பது.

"அவ்வளவுதானா?"
பெண் பார்க்கப் போய்
காபி மட்டும் குடித்து வந்தவன் முகம்.

பிறகு அவனே பயந்தான்.
கட்டட ஜெனரேட்டரில் வீட்டுக்கு இரண்டு ஆம்பியர்;
மீறினால் ஊ தின் மவுங் படியிறங்கி வந்து
வயரையே பிடுங்கிவிடுவாராம்.
"எண்ணூற்றைம்பது அங்க தாங்குமா?"

தம்பி, அது பசியின் அளவில்லை,
கையின் நீளம்.
கேட்டால்தான் கொடுக்கும்,
கேட்டதை மட்டும் கொடுக்கும்.
நாற்பது பேர் ஏறும் பஸ்
ஒற்றை ஆளோடு போகும்போது
நாற்பது டிக்கெட்டா கிழிக்கிறார்கள்?

ஆனால் சுவரிலிருந்து வரும்போது
வழியில் கொஞ்சம் சூடாகிப் போகும்.
முந்நூற்றுத் தொண்ணூறு என்று வை.
மானிட்டருக்கு இருபத்தைந்து.
உன் இரண்டு ஆம்பியர் நானூற்று நாற்பது.
மிச்சம் ஒரு பல்பு, ஒரு போன்.

"அம்மா ரைஸ் குக்கர் போட்டா?"

பேனா நின்றது.
அந்தக் கணக்கு எந்தப் பெட்டியிலும் அச்சாகவில்லை.

சோறு வேகும் நேரத்தில்
யாருடைய கல்யாணத்தையும் ரெண்டர் செய்யாதே.

கார்டு சில சமயம்
நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு
இரண்டு மடங்கு துள்ளும்.
துள்ளட்டும், அதற்கு இடம் விட வேண்டும்.
ஐந்நூற்றைம்பது.
எண்ணூற்றைம்பதில் மிஞ்சும் காசுக்கு
ஸ்டெபிலைசர் வாங்கு.

மூலையில் அறுநூறு என்று எழுதிய ஒன்று
பாதி விலைக்குக் கிடந்தது. தூக்கிப் பார்த்தான்.
கருவாடு மாதிரி லேசு.
"இது?"
விற்பதில்லை.
போன வருடம் விற்றேன், ஒன்றே ஒன்று.
அது எரிந்தபோது கூடவே போன ஹார்ட் டிஸ்க்
இன்னும் என் மேசை இழுப்பறையில்.
அதில் ஒருவருடைய மகனின் படங்கள்.
அவர் மாதம் ஒரு முறை வருகிறார்,
திட்டுவதில்லை, கேட்டுவிட்டுப் போகிறார்.

தெருவில் பிள்ளைகள் கத்தினார்கள்:
"மீ லா பீ! மீ லா பீ!"
எல்லா மாடியிலும் ஒரே நேரத்தில்
மோட்டார், இஸ்திரி, பிரிட்ஜ்.
மீட்டரில் நூற்றெழுபத்தெட்டு வோல்ட்,
நொண்டிக்கொண்டு ஏறியது.
அட்டைப்பெட்டியின் மேலேயே எல்லாவற்றையும் மாட்டி
ஸ்விட்சைத் தட்டினேன்.
விசிறி ஒரு முறை தயங்கிச் சுற்றியது.
அருணகிரி மூச்சு விட்டான்.

இரவு எட்டரைக்கு போன்.
பின்னால் ஜெனரேட்டர் இரைச்சல், தட்டு வைக்கும் சத்தம்.

"அக்கா, சோறு வெந்திருச்சு.
தாலி கட்டட்டுமா?"