உலோகம் எங்கே போனது

ப்ர்னோ நகரில்
ஞாயிறு காலை எட்டு மணிக்கே
ரயில்வே ஊழியர் மன்றத்தில்
மடக்கு மேசைகள் கால் நீட்டிவிடும்.
மூன்றாம் வரிசை, ஜன்னலோரம், என் இடம்.
விற்பதில்லை நான். வாங்குவதுமில்லை.
காட்டுவார்கள். பார்த்துச் சொல்வேன்.
கூலி ஒரு காப்பி;
கெட்ட செய்தி என்றால் சிலர் அதையும் தருவதில்லை.

விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் சாய்த்து
பத்து மடங்குக் கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டி
முதலில் கேட்பது ஒன்றுதான்:
உலோகம் எங்கே போனது?

கீறினால் போகாது, ஒதுங்கும்.
சேற்றுப்பனியில் சைக்கிள் போன தடம்போல
இரு பக்கமும் கரை கட்டி நிற்கும்.
நகம் தடுக்கும்.
அது தெருவில் பட்டது.

அச்சு வெடித்திருந்தால் கதை வேறு.
வெடிப்புக்குள் உலோகம் ஏறி
கோடு மேலெழும், புறங்கை நரம்பாக.
பள்ளமென்றால் சந்தேகப்படு,
மேடென்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்
என்று சொல்லித் திரிந்தேன் பல வருடம்.

பழைய வெள்ளிகள் சிலவற்றில்
எடை கூடிய வில்லையை
அடிக்கும் முன்பே அரத்தால் இழுத்திருப்பார்கள்.
அதுவும் பள்ளம். பிறவிப் பள்ளம்.
அரசியின் உயர்ந்த கன்னத்தில் தங்கி
தாழ்ந்த வெளியில்
அச்சின் அழுத்தத்தில் அழிந்துபோகும்.
அப்படி ஒன்றைச் சேதம் என்று சொல்லிவிட்டேன்.
ஹெட்விகா அதைப் பாதி விலைக்குத் தள்ளினாள்.
இப்போதும் ஐந்தாம் வரிசையில்தான் உட்காருகிறாள்.
வணக்கம் சொல்வதில்லை.

இன்று வந்தவர் சோபியெஸ்லாவ்.
வெள்ளரி ஊறுகாய் ஜாடி,
உள்ளே பத்துக் கொருனாக்கள், பத்தொன்பது.
எல்லாவற்றிலும் விளிம்பு தடித்து உள்ளே சுருண்டிருக்கிறது.
எழுத்துகள் அதனடியில் தலை புதைத்துக் கிடக்கின்றன.
பேத்ரோவ் குன்றுக் கோயிலின் இரு கோபுரமும் மழுங்கி,
செம்புப் பூச்சு தேய்ந்த இடத்தில்
இரும்பு சாம்பலாய்ப் பல்லிளிக்கிறது.

"அக்கசாலையில் வளையம் தவறி அடித்தது.
ஒன்றுக்கு எட்டாயிரம் கேட்கலாம் என்கிறான் மச்சான்."

ஒன்றைத் திருப்பினேன். இன்னொன்றை.
ஆண்டுகள் வேறு வேறு.
பிழை இப்படிக் கூட்டமாக வராது.
பத்தொன்பது பேருக்கும் ஒரே குறை என்றால்
எல்லோரும் ஒரே வீட்டில் குடியிருந்திருக்க வேண்டும்.

என்ன தொழில் என்றேன்.
"சலவைக்கடை. காசு போட்டால் ஓடும் மெஷின்கள்."
உலர்த்தும் உருளையைக்
கடைசியாக எப்போது பிரித்தீர்கள்?
"போன மாதம். பதினொரு வருஷம் கழித்து.
அந்த இடுக்கில்தான் இவை எல்லாம்…"
வாய் பாதியில் நின்றது.

யார் யாருடைய கால்சட்டைப் பையிலிருந்தோ விழுந்து
சூட்டில், இருட்டில்,
விளிம்பை இடித்து இடித்து
எத்தனை லட்சம் சுற்று.
இவற்றுக்கு இரண்டு அக்கசாலை.
ஒன்று ஒரே அடியில் வேலையை முடித்தது.
மற்றது அவசரப்படவில்லை.

அப்போது குன்றிலிருந்து
மணி பன்னிரண்டு அடித்தது.
நேரம் பதினொன்று.
இந்த ஊரில் அது அப்படித்தான்;
கூடத்தில் ஒருவரும்
கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"அப்போ விலை?" என்றார்.
ஒன்றுக்குப் பத்துக் கொருனா, என்றேன்.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
பிறகு, சலவைக்காரருக்கு உரிய சிரிப்பு,
தோள் வரை குலுங்கியது.
ஜாடியிலிருந்து இரண்டை எடுத்துக்கொண்டு
காப்பி மெஷினுக்கு நடந்தார்.

முதலாவதைத் துப்பியது.
இரண்டாவதை வாங்கி, யோசித்து, துப்பியது.
விளிம்பை முந்தானையில் துடைப்பதுபோல்
சட்டை நுனியில் துடைத்து மீண்டும் போட்டார்.
துப்பியது.

பத்து என்று சொன்னதும் அதிகம்.
என் பையில் கைவிட்டு
விளிம்பு மெலிந்த இரண்டைத் தேடினேன்.
ஐந்தாம் வரிசையிலிருந்து
ஹெட்விகா பார்த்துக்கொண்டிருந்தாள்.
மூன்றாக எடுத்தேன்.